செம்பறவைகளும் செல்லப் பெயர்களும்



இறைவன் படைத்த நிறங்களுள் கண்ணை முதலில் இழுப்பது சிவப்பு. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புச் சிறகு அசைந்தால் போதும், கணக்குப் புத்தகம் கையில் இருந்தாலும் தலை தானாகச் சன்னல் பக்கம் திரும்பிவிடும். அப்படித் திரும்பியதற்காக நாங்கள் பெஞ்சு மேல் நின்றதும் உண்டு. அது இருக்கட்டும். சிவப்புப் பறவைகளுக்கு மனிதர் வைத்த பெயர்களைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அந்தக் கருத்து எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் எங்கள் தவறு ஒன்றுதான். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு "உலகின் செந்நிறப் பறவைகள்" என்று ஒரு சார்ட் தயாரித்தோம். பழைய காலண்டர்களிலிருந்து படங்களை வெட்டி ஒட்டினோம். நடுவில் அமெரிக்காவின் கார்டினல். ஒரு மூலையில் இங்கிலாந்தின் ராபின். இன்னொரு மூலையில் டிரினிடாட் தீவின் செந்நிற அரிவாள் மூக்கன். கீழே பூநாரைக் கூட்டம். ஜிகினாத் தூள் தூவி, அழகான கையெழுத்தில் பெயர் எழுதி, நாங்களே பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி, சித்தேரி மலைப்பக்கத்து ஊர்க்காரி, சார்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல நம்ம செம்பூத்து எங்கே?" என்று கேட்டாள்.

நாங்கள் சிரித்துவிட்டோம். வேலி ஓரத்தில் தத்தித் தத்திப் போகும் செம்பூத்து கண்காட்சிக்கு வருமா என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் மேலும் சிரித்தோம். கேட்டவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சார்ட்டுக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் கண்காட்சிக்கு வந்த ஒரு பாட்டி, கார்டினல் படத்தைக் காட்டி, "இது எந்த ஊரும்மா? நம்ம பக்கம் வருமா?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. சார்ட்டில் இருந்த நான்கு பறவைகளில் எதையுமே நாங்கள் கண்ணால் கண்டதில்லை! கண்ட பறவையைக் கேட்டவளைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறோம்.

அந்த வெட்கத்தினால்தான் அதன்பின் பறவைப் பெயர்களைத் தேடத் தொடங்கினோம்.

முதலில் அயல்நாட்டுப் பெயர்களைக் குறைவாகப் பேசவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அவற்றிலும் அழகு இருக்கிறது. கார்டினல் என்ற பெயர் நம் திருச்சபையிலிருந்து போனது. கர்தினால்மாருக்குச் சிவப்புத் தொப்பி அணியும் உரிமையைத் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் 1245ஆம் ஆண்டு அளித்தார். விசுவாசத்திற்காக இரத்தம் சிந்தவும் ஆயத்தம் என்பதே அந்தச் சிவப்பின் பொருள். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர், தலையில் கொண்டையும் உடல் முழுக்கச் செந்நிறமுமாக ஒரு பறவையைப் பார்த்ததும், தங்கள் ஊர்க் கர்தினால்மாரை நினைத்துக்கொண்டார்கள். இன்று அந்நாட்டின் ஏழு மாநிலங்களுக்கு அதுவே மாநிலப் பறவை. இறந்துபோன அன்பர்களின் நினைவைச் சுமந்து அது வீட்டு வாசலுக்கு வருகிறது என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கும் பாட்டிமாருக்கு இந்த நம்பிக்கையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ராபினின் கதை எல்லாரும் சிஸ்டரிடம் கேட்டதுதான். இயேசுவின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்க முயன்ற சிறு குருவியின் மார்பில் இரத்தத்துளி விழுந்ததாம். அன்றிலிருந்து அதன் மார்பு சிவப்பாம். நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குருவியை வீட்டுத் தோட்டத்தில் தினமும் பார்த்தவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியும். இதைத்தான் நாங்கள் கவனிக்கத் தவறினோம். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் தங்கள் வாசலில் வந்து உட்கார்ந்த பறவைக்குத் தங்கள் கோயிலிலிருந்தும் தங்கள் கதையிலிருந்தும் பெயர் வைத்தார்கள். நாங்களோ அவர்கள் வாசலை வெட்டி எங்கள் சார்ட்டில் ஒட்டினோம்.

சரி, நம் வாசலில் என்ன இருக்கிறது?

செம்போத்து இருக்கிறது. எங்கள் தருமபுரிப் பக்கத்தில் செம்பூத்து என்று சொல்லக் கேட்கிறோம். தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் செண்பகம் என்பார்கள். காக்கையைவிடப் பெரிதாய், உடல் கறுப்பாய், இறக்கை செங்கல் நிறமாய், கண்கள் இரண்டும் குங்குமப் பொட்டுப் போலச் சிவப்பாய் இருக்கும் பறவை. வால் நீளம். பறப்பதைவிட நடப்பதே அதற்குப் பிடிக்கும். அதிகாலையில் புதருக்குள்ளிருந்து "ஊப், ஊப், ஊப்" என்று குடத்துக்குள் பேசுவது போல ஒலி எழுப்பும். எங்கள் விடுதித் தோழியருக்குக் காலைச் செபத்து மணிக்கு முன்னே அடிக்கும் மணி அதுதான்.

இந்த ஒரு பறவைக்கு எங்கள் வகுப்பிலேயே மூன்று மொழியில் பெயர் கிடைத்தது. தருமபுரி எல்லை மாவட்டம் அல்லவா? வீட்டில் கன்னடம் பேசும் தோழி ஒருத்தி, "எங்க வீட்டுல கெம்பூத" என்றாள். தமிழில் "செம்" என்று தொடங்குவது கன்னடத்தில் "கெம்" என்று ஆகிறது. நம் செவி அவர்களுக்குக் கிவி ஆவது போல. இரண்டு மொழிக்காரரும் ஒரே இறக்கையைப் பார்த்து ஒரே நிறத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு பேசும் தோழியின் தாயாரோ "ஜெமுடு காகி" என்றார். கள்ளிக் காகம் என்று பொருள். அவர்கள் நிறத்தை விட்டுவிட்டு, அது பதுங்கும் கள்ளிப்புதரைப் பார்த்திருக்கிறார்கள். மயிலைப் பார்த்துக் கெம்பூதவும் தன் இறகை விரித்ததாம் என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. தமிழில் அந்தப் பழி வான்கோழியின் தலையில் விழுந்தது. நம் செம்போத்து தப்பித்தது!

பழைய ஆங்கில நூல்களில் இதற்குக் காக்கைக்கும் காட்டுக்கோழி வகைக்கும் நடுவான ஒரு பெயர் இருந்தது. இந்தியாவுக்குப் புதிதாக வந்த ஆங்கிலேயர் இதை வேட்டைக்கோழி என்று நம்பிச் சுட்டு, சமைத்து, வாயில் வைக்க முடியாமல் துப்பினார்களாம். உண்மையில் அது காக்கையும் அல்ல, கோழியும் அல்ல, குயிலின் குடும்பம். ஆனால் குயிலைப் போலக் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பாடப் போவதில்லை. தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தன் குஞ்சைத் தானே வளர்க்கிறது. பாட்டுக்குப் புகழ் பெற்ற குயிலுக்கு எத்தனை கட்டுரைகள்! பிள்ளை வளர்க்கும் செம்போத்துக்கு ஒன்றும் இல்லை. இதை வாசிக்கும் தாய்மார்கள் நியாயம் சொல்லட்டும்.

பெயரோடு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கேரளத்தில் செம்போத்து எதிரே வந்தால் நல்ல சகுனம். அதன் கூட்டில் நீலக்கொடுவேலி என்ற அதிசய மூலிகை இருக்கும், அது பட்டால் இரும்பும் அறும் என்று அங்கே ஒரு கதை. குஞ்சின் காலைக் கட்டி வைத்தால் தாய்ப்பறவை அந்த மூலிகையைத் தேடிக் கொண்டுவருமாம். கேட்கச் சுவையான கதை. குஞ்சுக்கு அது கதை அல்லவே! இதன் இறைச்சியைத் தின்றால் காசநோயும் நெஞ்சு நோயும் தீரும் என்ற நம்பிக்கையும் நம் நாட்டில் இருந்தது. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். முழுதும் விடாமல் சாப்பிட்டால் நோய் தீர்கிறது. செம்போத்து நத்தையையும் கம்பளிப்பூச்சியையும் தின்று நம் தோட்டத்தைக் காக்கிறது. ஆகவே பாட்டி சொன்னது எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயரை வைத்துக்கொள்வோம், வைத்தியத்தை விட்டுவிடுவோம்.

அடுத்தது கருடன். நூலில் செம்பருந்து என்று போட்டிருக்கும். உடல் செம்மண் நிறம், தலையும் மார்பும் வெள்ளை. ஒகேனக்கல்லில் பரிசல் துறைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால், ஆற்றுக்கு மேலே அது வட்டமிடுவதைக் காணும் நல்வாய்ப்புக் கிடைக்கலாம். எங்கள் வகுப்பில் இந்துத் தோழியர் அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோயில் குடமுழுக்கின்போது கருடன் வந்து சுற்றாதா என்று ஊரே வானத்தைப் பார்த்து நிற்கும். சுற்றுலா சென்றபோது பேருந்து முழுதும் ஒரே சமயத்தில் கன்னத்தில் தட்டும் ஓசை கேட்டது. சிஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இதே பறவை இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்துக்குச் சின்னம். மலேசியாவின் லங்காவித் தீவுக்கே இந்தச் செம்பழுப்புக் கழுகினால்தான் பெயர் வந்தது என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். அமெரிக்கர் தங்கள் பறவைக்குக் கர்தினால் பெயரை வைத்ததற்கும், நம்மவர் திருமாலின் ஊர்தியின் பெயரை வைத்ததற்கும் என்ன வேறுபாடு? மனித மனம் எங்கும் ஒன்றுதான் போலும்!

சங்க காலத்து அன்றிலையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. அதன் தலை தீயைப் போலச் சிவந்தது என்றும், அலகு இறால் போல வளைந்தது என்றும் குறுந்தொகைப் பாட்டு ஒன்று கூறுகிறது. ஆணும் பெண்ணும் பிரியாமல் வாழும். அதன் குரல் பிரிந்திருப்பவரை வருத்தும். இந்த அடையாளங்களை வைத்து, கறுப்பு உடலும் வளைந்த அலகும் உச்சந்தலையில் சிவப்புத் தழும்பும் உடைய அரிவாள் மூக்கன்தான் அன்றில் என்று சிலர் கருதுகிறார்கள். பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியப் பறவைகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எங்களை வியக்கவைத்தது வேறு. அன்றில் என்ற சொல்லைத் தேர்வில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அது எந்தப் பறவை என்று ஆராய வேண்டிய நிலை எப்படி வந்தது? பறவை போகவில்லை, ஏரிக்கரையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. இடையில் எங்கோ பெயரும் பறவையும் கையை விட்டுவிட்டன. இன்னும் இரண்டு தலைமுறை போனால் "செம்பூத்து என்பது எந்தப் பறவை?" என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டி வருமோ என்பதே எங்கள் அச்சம்.

இனி நூற்பெயருக்கும் வீட்டுப் பெயருக்கும் உள்ள வழக்குக்கு வருவோம். இதில் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது.

எம் பள்ளி வேப்பமரத்தில் தினமும் வந்து சண்டை போடும் ஒரு குருவி உண்டு. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. வீட்டில் கொண்டைக்குருவி என்போம். பறவை நூலில் அதற்குச் செங்குதச் சின்னான் என்று பெயர். இந்தப் பெயரை வகுப்பில் உரக்கப் படிக்க ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வாசித்தவள் பாதியில் இருமிச் சமாளித்தாள். இதன் உறவினனுக்குக் கன்னத்தில் சிவப்பு இருப்பதால் செம்மீசைச் சின்னான். சின்னான் என்பது நல்ல தமிழ்ப் பெயர். ஆனால் மீசையும் மற்றதும் ஆங்கிலப் பெயரைப் பார்த்து வைத்தவை என்பது எவருக்கும் தெரியும். ஆங்கிலேயன் கன்னத்துச் சிவப்பை மீசை என்றான் என்பதற்காக நாமும் அதை மீசை என்று சொல்ல வேண்டுமா? நம் வீட்டில் பார்த்திருந்தால் மஞ்சள் பூசிக் குங்குமம் தீற்றிய கன்னம் என்றல்லவா சொல்லியிருப்பார்கள்!

இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்க்கட்சித் தோழியர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். "உங்கள் பாட்டிக்கு எல்லாமே குருவிதானே? வயலில் வந்து தானியம் தின்னும் சில்லை வகை அத்தனையும் தினைக்குருவி. சிவப்பாய் இருப்பது எது, புள்ளியாய் இருப்பது எது, கறுப்புத் தலை எது என்று பாட்டி பிரித்துச் சொல்வாரா?" நியாயமான கேள்வி. சொல்ல மாட்டார். நூற்பெயரின் சிறப்பு அங்கேதான். செம்மார்புக் குக்குறுவான் என்றால் மார்பைப் பார், அங்கே சிவப்பு இருக்கும் என்று பெயரே கை காட்டுகிறது. வெயில் நேரத்தில் ஆலமரத்துக்குள்ளிருந்து கன்னான் செம்புக்குடம் தட்டுவது போல "டொக், டொக்" என்று ஒலிப்பது அதுதான் என்று அந்தப் பெயரைக் கொண்டுதான் கண்டுபிடித்தோம். அதற்கு முன் பக்கத்துத் தெருவில் ஏதோ பட்டறை என்று நினைத்திருந்தோம். ஆகவே நூற்பெயர் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒன்று வந்ததும் மற்றொன்றை அழித்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

அழிக்காமல் எழுதி வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஜெர்டன் என்ற ஆங்கிலேய இராணுவ மருத்துவர் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றி வெளியிட்ட நூலில், ஆங்கிலப் பெயரோடு தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் மக்கள் வழங்கிய பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டார். ஊர் ஊராகப் போய்க் கேட்காமல் அது நடந்திராது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளைக்கார மருத்துவர் நம் கிராமத்தாரிடம் கேட்டதை, நாம் நம் வீட்டுத் திண்ணையில் கேட்க வெட்கப்படலாமா?

பெயர்களைத் தேடிக்கொண்டு போனபோது எங்களுக்கு இன்னொரு உண்மையும் புலப்பட்டது. பெண்கள் பள்ளியில் படிக்கும் எங்களுக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை. சிவப்பு என்று பெயர் வைத்தவர்களில் மிகப் பலர் ஆண்பறவையை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்!

சிவப்புச் சில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப்புல்லிலும் கரும்புக் காட்டோரத்திலும் திரியும் விரலளவுக் குருவி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுதும் பழுத்த மிளகாய் நிறமாகி, வெள்ளைப் புள்ளி தெளித்தது போல இருக்கும். மற்ற மாதங்களில் அந்த ஆணும் பழுப்புதான். பெண் எப்போதும் பழுப்பு. அலகிலும் வாலடியிலும் மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஆக, பெயர் பொருந்துவது ஆணுக்கு மட்டும்; அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். மின்சிட்டும் அப்படியே. ஆணின் மார்பு நெருப்பு, பெண்ணின் மார்பு வெளிர் மஞ்சள். அந்தக் கார்டினலும் அப்படியே. பெண் மங்கிய பழுப்பு. ஆனால் அந்தப் பெண் நன்றாகப் பாடவும் செய்கிறது. எங்கள் சார்ட்டில் ஒட்டியது ஆணின் படம் என்பது அன்று எங்களுக்கே தெரியாது. செம்போத்தும் இதற்கு விலக்கில்லையோ என்று ஓர் ஐயம். சில விலங்குகளிலும் மயிலிலும் ஆணுக்குப் போத்து என்ற பெயர் உண்டு என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. செம்போத்தில் உள்ள போத்தும் அதுதான் என்றால், சிவந்த ஆண் என்றாகிவிடுகிறது. ஆனால் செம்போத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடே கிடையாது. பெயர் வைத்தவர் பெண்ணைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட்டாரோ என்னவோ!

பெண் மங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கூட்டில் அடைகாப்பவள் கண்ணில் படாமல் இருப்பதே முட்டைக்குப் பாதுகாப்பு. இதற்கு நல்ல சான்று மயில் உள்ளான் என்ற சேற்றுப் பறவை. அதில் கழுத்தும் மார்பும் செம்பழுப்பாய்ப் பளிச்சிடுவது பெண். மங்கலாய் இருப்பது ஆண். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அங்கே ஆணின் வேலை! இதை வகுப்பில் வாசித்தபோது எழுந்த கைத்தட்டல் தலைமை ஆசிரியை அறை வரை கேட்டதாம்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூநாரையும் டிரினிடாட் அரிவாள் மூக்கனும் தின்னும் சிறு கூனிகளிலும் பாசிகளிலும் உள்ள சாயச்சத்துதான் அவற்றின் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. அந்த உணவு கிடைக்காவிட்டால் வெளுத்துப் போகும். கிளியின் சிவப்பு வேறு. அந்தச் சாயத்தைக் கிளி தன் உடலிலேயே செய்துகொள்கிறது. செம்போத்தின் செங்கல் நிறமும் கருடனின் செம்மண் நிறமும் நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் வகையைச் சேர்ந்தவை.

பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சில்லையைப் பற்றிய இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதன் அறிவியல் பெயர் அமண்டவா. அது அகமதாபாத் என்ற ஊர்ப்பெயரின் திரிபு. முற்காலத்தில் அந்த ஊர் வழியாகத்தான் இந்தக் குருவிகளைக் கூண்டில் அடைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பிடித்துக்கொண்டு போன ஊரின் பெயரே பறவைக்குப் பெயராய் நின்றுவிட்டது! 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதில் செய்த திருத்தமும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதைத் தடை செய்கின்றன. ஆயினும் சாதாரணச் சில்லைகளைப் பிடித்துச் சிவப்பும் பச்சையும் சாயம் பூசி, வெளிநாட்டுக் குருவி என்று விற்பவர்கள் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தி சிறுவயதில் ஒரு திருவிழாவில் அப்படி ஒன்று வாங்கித் தரச் சொல்லி அழுதாளாம். தந்தை வாங்கிக் கொடுத்தாராம். வீட்டில் குளிப்பாட்டியதும் சிவப்பெல்லாம் தண்ணீரில் கரைந்து, உள்ளே அவள் வயலில் தினமும் பார்த்த தினைக்குருவி நடுங்கிக்கொண்டு நின்றதாம். மறுநாள் அது இறந்துவிட்டது. "அது தினைக்குருவின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அழுதிருக்க மாட்டேன்" என்று அவள் எங்களிடம் சொன்னாள்.

நாங்கள் பறவை ஆராய்ச்சியாளர்கள் அல்லர். சாலிம் அலி அவர்கள் 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலின் பிற்காலப் பதிப்பு ஒன்று எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அதில் படம் பார்க்கவே இன்னும் எங்களுக்கு நேரம் போதவில்லை. ஆனால் நம் மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை வாய்கள் இருக்கின்றன! சித்தேரியிலும் வத்தல்மலையிலும் இருந்து வருகிறவர்கள், பென்னாகரத்துக் காட்டோரத்து ஊர்க்காரர்கள், பாலக்கோட்டுப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மதிய உணவு மணிக்குத்தானே கலைகிறோம்? காவிரியோரத்து வனத்தின் ஒரு பகுதியை 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதன் ஓரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு தாத்தாவுக்குத் தெரிந்த பெயர்களை எந்த நூலகத்தில் போய்த் தேடுவது?

ஆகவே நாங்கள் ஒரு காரியம் செய்தோம். பழைய பதிவேடு ஒன்றில் எழுதாமல் மீந்திருந்த பக்கங்களைச் சிஸ்டரிடம் கேட்டு வாங்கினோம். அதில் கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில் வீட்டுப் பெயர், இரண்டாவதில் நூற்பெயர், மூன்றாவதில் ஆங்கிலப் பெயர், நான்காவதில் சொன்னவர் யார், எந்த ஊர். வீட்டுப் பெயரை முதலில் போடுவதா நூற்பெயரை முதலில் போடுவதா என்று அரைமணி நேரம் வாதாடினோம். வாக்கெடுப்பில் வீட்டுப் பெயர் இரண்டு வாக்கில் வென்றது. முதல் வரியைச் சித்தேரித் தோழியையே எழுதச் சொன்னோம். எங்கள் சிரிப்பை அவள் மறந்தாளா என்று தெரியவில்லை; நாங்கள் கேட்கவும் இல்லை. "செம்பூத்து" என்று பெரிய எழுத்தில் எழுதினாள். சொன்னவர் என்ற கட்டத்தில் தன் பாட்டியின் பெயரை எழுதினாள்.

இதுவரை சிவப்புப் பறவைகளில் பதினொரு வரிகள் நிரம்பியிருக்கின்றன. சில்லையின் வரியில் ஆணுக்கு நான்கு கட்டமும் எழுதியாயிற்று. அதோடு கூட வரும் பழுப்புப் பெண்ணுக்கு யார் வீட்டிலும் தனிப்பெயர் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம். பெற்றோர் எவருக்கேனும் தெரிந்தால், பிள்ளைகளைப் பார்க்க வரும் ஞாயிறு அன்று ஒரு நிமிடம் நூலகத்துக்குள் வந்து எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். பதிவேடு வாசலை ஒட்டிய மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம்.